கண்ணாடி போன கேமராவும் கைப்பழக்கமும்

கேமராவை இடது கண்ணில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு மூக்கு ஒரு தொல்லை. வியூஃபைண்டரில் கண்ணைப் பதித்ததும் மூக்கு நேரே பின்பக்கத் திரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். திரை வெறும் திரையாக இருந்தவரை அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது, அவ்வளவுதான். சட்டை நுனியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தோம். தொடுதிரை வந்தபிறகு அதே மூக்கு ஃபோகஸ் சதுரத்தை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது. மணப்பெண்ணின் முகத்தில் இருந்த சதுரம், படம் எடுக்கும் நேரத்தில் பின்னால் கட்டிய வாழைத்தாரில் போய் நிற்கும். நான் இடது கண்காரன். வாழைத்தார் படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். திரையின் எந்தப் பகுதி தொடுதலை ஏற்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியை மெனுவுக்குள் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பலர் தொடுதலையே மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். லட்சங்களைக் கொட்டி வாங்கிய கேமராவில் பாதி வசதிகளை அணைத்துவைத்திருப்பவரைப் பார்த்து ‘பழசையே கட்டிக்கிட்டு அழறார்’ என்று சொல்வது சுலபம். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஒருவர் எதை அணைக்கிறார், எதை விட்டுவைக்கிறார் என்று பார்த்தாலே அவர் வேலை செய்யும் விதம் தெரிந்துவிடும்.

கடந்த பதினைந்து, பதினாறு ஆண்டுகளில் கேமராவுக்குள்ளிருந்து போனது ஒரு சின்னக் கண்ணாடி. எஸ்எல்ஆர் கேமராவில், லென்ஸ் வழியாக வரும் ஒளி 45 டிகிரி சாய்வாக நிற்கும் அந்தக் கண்ணாடியில் பட்டு மேலே ஏறி, மேலேயுள்ள பட்டகத்தில் திரும்பிக் கண்ணுக்கு வரும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மடிந்து மேலே ஒட்டிக்கொள்ளும். ஒளி ஃபிலிமுக்கோ, டிஜிட்டலில் அதன் இடத்துக்கு வந்த சென்சாருக்கோ போகும். அந்த நேரத்தில் வியூஃபைண்டர் இருட்டிவிடும். எந்தக் கணத்தைப் படம் எடுத்தோமோ அந்தக் கணத்தை மட்டும் நாம் பார்த்திருக்க மாட்டோம். 1959-இல் வந்த நிக்கான் எஃப் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் தொழில்முறைக்காரர்கள் இந்த இருட்டோடுதான் குடித்தனம் நடத்தினார்கள். 1965-லேயே கேனன் ‘பெலிக்ஸ்’ என்ற கேமராவில், அசையாமல் நின்று ஒளியில் ஒரு பகுதியை மட்டும் ஊடுருவவிடும் கண்ணாடியை வைத்து இருட்டைப் போக்கப் பார்த்தது. இருட்டு போனது, கூடவே வியூஃபைண்டரின் வெளிச்சமும் ஃபிலிமுக்குப் போகும் ஒளியும் குறைந்தன. அந்த முறை பரவவில்லை.

2008-இல் பானாசோனிக் ஜி1 கண்ணாடியையே எடுத்துவிட்டு வந்தது. சென்சார் காணும் காட்சியைக் கண்ணருகே ஒரு குட்டித் திரையில் காட்டியது. 2013-இல் சோனி ஏ7 அதையே 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சாரோடு செய்தது. 2018-இல் கேனனும் நிக்கானும் அதே வழிக்கு வந்தன. 2020-இல் வந்த கேனன் 1டிஎக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 இரண்டுக்கும் பிறகு அந்த நிறுவனங்களிடமிருந்து அந்த உயர்தரத்தில் கண்ணாடி வைத்த கேமரா வரவில்லை. 2021-இல் வந்த நிக்கான் இசட் 9-இல் கண்ணாடியோடு, ஒளிக்கு வழிவிட்டு மூடும் எந்திர ஷட்டரும் போயிற்று.

கண்ணாடி போனதால் மாறியது பார்வை. பழைய வியூஃபைண்டரில் நாம் பார்த்தது உலகத்தை. புதியதில் பார்ப்பது, எடுத்தால் எப்படி வரும் என்று கேமரா காட்டும் படத்தை. வெளிச்சம் கூடினால் அங்கேயே வெளுக்கும், குறைந்தால் அங்கேயே இருட்டும். தொழிலைப் புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய வரம். நாங்கள் மூன்று ரோல் பாழாக்கிக் கற்றதை இன்றைய பிள்ளைகள் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்கிறார்கள், இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் இருபது வருடமாக வெளிச்சத்தைப் பார்த்தவுடன் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பழகியவருக்கு, கணக்கின் விடையை முன்கூட்டியே கண்ணுக்குள் எழுதிக் காட்டுவது இடைஞ்சல். நிழலில் நிற்கும் ஆளை நிழலாகவே விட நினைத்து அமைத்தால், திரையில் அவர் முகமே தெரியாது. முகம் தெரியாமல் எந்தக் கணத்தில் அழுத்துவது?

ஸ்டுடியோக்காரர்கள் இந்தச் சிக்கலில் முதல் நாளே மாட்டினார்கள். ஃபிளாஷ் வைத்து எடுக்கும்போது கேமராவில் எஃப்8, 125-இல் ஒரு வினாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100 என்று, அறை விளக்கு பதியாத அமைப்பில் வைத்திருப்பார்கள். ஃபிளாஷ் அடித்தால்தான் வெளிச்சம். அடிக்கும்வரை அறை விளக்கு மட்டும்தான். அந்த அமைப்புக்கு வரப்போகும் படத்தை வியூஃபைண்டர் நேர்மையாகக் காட்டும்: கும்மிருட்டு. புதுக் கேமரா பழுதாகிவிட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போனவர்கள் உண்டு. வரப்போகும் வெளிச்சத்தை முன்கூட்டியே காட்டும் வெளிப்பாட்டு முன்காட்சியை மெனுவில் அணைக்க வேண்டும் என்று யாராவது சொன்னபிறகுதான் முகம் தெரியும். 2021-இல் கேனன் ஆர்3-இல் இன்னும் ஒரு படி போய், மின் வியூஃபைண்டரைப் பழைய கண்ணாடி வியூஃபைண்டர் போலத் தோன்றவைக்கும் ஒரு அமைப்பையே சேர்த்தார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு, கண்ணாடி இருப்பதுபோல் நடிக்க ஒரு நிரல். சிரிப்பு வருகிறது, ஆனால் அதைக் கேட்டு வாங்கியவர்கள் காரணத்தோடுதான் கேட்டார்கள்.

பேட்டரியையும் சொல்ல வேண்டும். நிக்கான் டி850-க்கு ஒரு சார்ஜில் 1,840 படங்கள் என்றும், அடுத்த ஆண்டே வந்த கண்ணாடியில்லாத இசட் 7-க்கு 330 படங்கள் என்றும் அறிவிக்கப்பட்டது. இரண்டும் ஒரே வகைப் பேட்டரிதான், ஒரே சோதனை முறைதான். நடைமுறையில் இரண்டிலுமே கூடுதலாக எடுக்கலாம் என்றாலும் வித்தியாசம் வித்தியாசம்தான். கண்ணாடி வைத்த கேமராவை அணைத்து வைத்திருந்தாலும் கண்ணில் வைத்து ‘இங்கிருந்து எப்படி இருக்கும்’ என்று பார்த்துவிட்டு இறக்கலாம். எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது சிலருடைய வேலை முறை. புதிய கேமராவில் அப்படிப் பார்ப்பதற்கும் மின்சாரம் செலவாகும். விடிகாலை நாலரை மணி முகூர்த்தத்துக்குப் போய் மதியப் பந்தி வரை நிற்பவர் ஒரு பேட்டரிக்குப் பதில் நான்கைத் தூக்குகிறார்.

ஃபோகஸ் விஷயத்தில் என் கட்சி வேறு. பழைய கேமராவில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் படம் எடுக்கும் சென்சாரிலிருந்து தனியாக, கண்ணாடிக்குக் கீழே இருக்கும். இரண்டுக்கும் இடையே தூரத்தில் இம்மி பிசகினால் கண்ணுக்குப் பதில் காதில் ஃபோகஸ் விழும். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகத் திருத்தம் போட்டு வைப்போம். வெயில் காலத்தில் அதுவும் மாறிவிட்டதோ என்று சந்தேகப்படுவோம். படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்க்க ஆரம்பித்ததும் அந்தத் தலைவலி அடியோடு ஒழிந்தது. இந்த ஒன்றுக்காகவே கண்ணாடி போனதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் கேமரா கண்ணைத் தேடிப்பிடிக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டபோது இன்னொன்று நடந்தது. பழைய ஃபோகஸ் புள்ளிகள் நடுவில்தான் நெருங்கியிருக்கும். அதனால் நடுப்புள்ளியில் முகத்தைப் பிடித்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடி சட்டகத்தை நகர்த்தி எடுப்பது ஒரு தலைமுறையின் பழக்கம். அந்தப் பழக்கம் இப்போது தேவையில்லை, தேவையில்லாமலே பலர் தொடர்கிறார்கள். அது வெறும் பழக்கதோஷம், விட்டுவிடலாம். தாலி கட்டும் நேரம் அப்படியல்ல. அந்தச் சில வினாடிகளில் எடுக்க வேண்டியது மூன்று முடிச்சுப் போடும் விரல்களை. கேமராவோ மாப்பிள்ளையின் கண்ணைப் பிடிக்கும். அவர் குனிந்தால் பின்னால் எட்டிப் பார்க்கும் அத்தையின் கண்ணுக்குத் தாவும். அட்சதை போடக் கையை உயர்த்தும் பெரியவர் குறுக்கே வந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளும். முகம்தான் முக்கியம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விரல்தான் முக்கியம் என்று நமக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்த கல்யாணப் படக்காரர்களில் நிதானமானவர்கள், கெட்டிமேளத்துக்கு ஐயர் கையசைப்பதற்கு முன்னால் கட்டைவிரலால் ஒரு பொத்தானைத் தட்டிக் கண்பிடிப்பை அணைக்கிறார்கள். முடிச்சு விழுந்ததும் மறுபடி போடுகிறார்கள்.

புதியதை எடுத்துக்கொண்டு தன் முறையை விடாமல் வைத்திருந்ததற்கு நான் அறிந்த பெரிய உதாரணம் பிரேசில் நாட்டுப் புகைப்படக்காரர் செபஸ்டியாவோ சல்காடோ. 2004-இல் அவர் மனிதக் கைபடாத நிலங்களைத் தேடி ஒரு நெடும்பயணத் திட்டத்தைத் தொடங்கியபோது 35 மி.மீ.-ஐவிடப் பெரிய, நடுத்தர வடிவ ஃபிலிமில்தான் எடுத்தார். 2001 செப்டம்பருக்குப் பிறகு விமான நிலையங்களில் எக்ஸ்ரே சோதனை கடுமையாகியிருந்தது. ஒரு பயணத்துக்கு நான்கைந்து விமானம் மாறினால் அத்தனை முறையும் ஃபிலிம் பெட்டி எந்திரத்துக்குள் போகும்; ஃபிலிமின் நிறபேதங்கள் மங்கும். அதனால்தான் 2008-இல் அவர் டிஜிட்டலுக்கு மாறினார். புதுமை மேல் வந்த ஆசையால் அல்ல.

மாறியதும் அவர் செய்ததுதான் விசேஷம். கணினித் திரையில் உட்கார்ந்து படம் தேர்வு செய்யவில்லை. டிஜிட்டல் கோப்புகளைக் காண்டாக்ட் ஷீட்டாகக் காகிதத்தில் அச்சடிக்கச் சொல்லி, பழையபடியே உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேர்வு செய்தார். தேர்ந்தெடுத்தவற்றைக் கோப்பிலிருந்து நெகட்டிவாக மாற்றி, இருட்டறையில் பிரிண்ட் போடவும் ஏற்பாடு செய்துகொண்டார். காண்டாக்ட் ஷீட் என்றால், ஒரு ரோலின் எல்லாச் சட்டகங்களும் எடுத்த வரிசையிலேயே ஒரே தாளில் இருக்கும். தவறியது, கண் மூடியது, ஒரு அடி முன்னால் போய் எடுத்தது, கடைசியில் கிடைத்தது எல்லாம் பக்கம் பக்கமாக நிற்கும். எப்படி அந்தப் படத்தை நோக்கி நடந்தோம் என்ற தடம் அது. கணினித் திரையில் படங்கள் ஒவ்வொன்றாகப் பெரிதாக வந்து போகும்போது அந்தத் தடம் கண்ணில் படுவதில்லை. சல்காடோ சென்சாரை ஏற்றுக்கொண்டார், தாளை விடவில்லை. 2025-இல் அவர் மறையும்வரை, ஃபிலிமைக் கைவிட்டதால் அவர் படம் மாறிவிட்டது என்று சொல்ல முடிந்தவர்கள் குறைவு.

நம் நாட்டுப் புகைப்படக்காரர் ரகு ராய் வேறு ரகம். ஃபிலிமில் நாற்பது ஆண்டு உழைத்தவர், 2000-களின் தொடக்கத்தில் டிஜிட்டலைக் கையிலெடுத்தபின் ஃபிலிம் பக்கம் திரும்பவே இல்லை. இருவரில் யார் செய்தது சரி என்று கேட்பது வீண் வேலை. ஒருவருக்குத் தேர்வு செய்யும் மேசைதான் உயிர், இன்னொருவருக்குத் தெரு.

சொந்த விருப்பம் என்பது தொழில்நுட்பத்தின் காலைப் பிடித்து இழுப்பது என்று நினைப்பவர்களுக்கு லைக்கா கேமரா பிறந்த கதையைச் சொல்லலாம். அதை உருவாக்கிய ஓஸ்கார் பார்னாக்குக்கு ஆஸ்துமா. மலையேறிப் படமெடுக்க ஆசை. பெரிய கண்ணாடித் தட்டுக் கேமராவைச் சுமந்தால் மூச்சு வாங்கும். சினிமா ஃபிலிமைப் போட்டுக் கைக்குள் அடங்கும் கேமராவை அவர் தனக்காகச் செய்துபார்த்தார். அதுதான் 1925-இல் விற்பனைக்கு வந்து, 35 மி.மீ. புகைப்படக்கலையின் போக்கையே மாற்றியது. ஒரு மனிதனின் நுரையீரலிலிருந்து வந்த வடிவம்.

அதே லைக்கா பின்னால் தன் வாடிக்கையாளர்களிடமே அடி வாங்கியது. 1971-இல் வந்த எம்5-இல் லென்ஸ் வழியாகவே ஒளியை அளக்கும் மீட்டர் இருந்தது. அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மீட்டரை உள்ளே வைக்கக் கேமராவின் உடல் பெருத்தது. 1954-இன் எம்3-இலிருந்து கைகள் பழகிய அளவு அது இல்லை. சில ஆண்டுகளில் எம்5 நிறுத்தப்பட்டது, கம்பெனி பழைய உடலுக்கே திரும்பியது. அந்த மீட்டர் 1984-இல் எம்6-இல், பழைய அளவுக்குள் அடங்கி வந்தபோது அதே ஆட்கள் சந்தோஷமாக வாங்கினார்கள். அவர்கள் மீட்டரை வெறுக்கவில்லை. 2018-இல் கேனனுக்கும் இதேதான் நடந்தது. ஈஓஎஸ் ஆர் கேமராவின் பின்னால், கட்டைவிரல் வழக்கமாகத் தங்கும் இடத்தில், பொத்தானுக்குப் பதில் தடவும் பட்டை ஒன்றை வைத்தார்கள். தெரியாமல் பட்டு அமைப்புகள் மாறின. 2020-இன் ஆர்5, ஆர்6 இரண்டிலும் பட்டை இல்லை. கட்டைவிரலால் ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் குமிழ் வந்துவிட்டது.

பழக்கத்தை உடைத்து ஜெயித்ததும் உண்டு. 1985-இல் மினோல்டா 7000 தானியங்கி ஃபோகஸைக் கேமராவுக்குள்ளேயே வைத்து விற்பனையில் பிய்த்து உதறியது. 1987-இல் கேனன் தன் பழைய எஃப்டி லென்ஸ்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு, முழுக்க மின்தொடர்பில் இயங்கும் இஎஃப் மவுண்டுக்கு (லென்ஸைப் பொருத்தும் வளையம்) போனது. அன்றைக்குப் பெட்டி நிறைய எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்கள் வயிறெரிந்தார்கள். நிக்கான் 1959-இன் மவுண்டையே காப்பாற்றிக்கொண்டது, வாடிக்கையாளர் வாழ்த்தினார்கள். பத்தாண்டுக்குள் விளையாட்டு மைதானங்களின் ஓரத்தில் வரிசையாக நின்றவை கேனனின் வெள்ளை லென்ஸ்கள். ஓடுகிறவனை ஃபோகஸில் பிடித்துக்கொண்டே போவது என்ற அந்த ஒரு வேலையில் பழைய கைப்பழக்கத்தைவிடப் புதியது அவ்வளவு தெளிவாக மேலாக இருந்தது. மணமேடையில் நிற்கிறவனுக்கு அந்த அவசரம் இல்லை.

சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு விருப்பம் என்ற சொல்லே சில சமயம் கிடையாது. 2020-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் புகைப்படக்காரர்களுக்கும் வீடியோக்காரர்களுக்கும் சோனி கேமராக்களையே தருவதாக அறிவித்தது. படமும் வீடியோவும் ஒரே லென்ஸ் தொகுப்பில் எடுக்கலாம், சத்தமில்லாமல் எடுக்கலாம் என்ற கணக்கு நிறுவனத்துக்கு நியாயமானது. நிக்கான் லென்ஸைப் பொருத்த ஒரு பக்கம் திருப்ப வேண்டும், கேனனுக்கும் சோனிக்கும் எதிர்ப்பக்கம். ஃபோகஸ் வளையமும் அப்படியே. இருபது வருடம் ஒரு பக்கம் திருப்பிய மணிக்கட்டு, கூட்டத்துக்கு நடுவில் லென்ஸ் மாற்றும்போது முதல் ஆறு மாதம் தப்புப் பக்கம்தான் திருப்பும்.

இப்போது வந்திருப்பது இன்னும் ஆழமான மாற்றம். பொத்தானை முழுக்க அழுத்துவதற்கு முந்தைய சட்டகங்களையும் கேமரா பிடித்து வைத்துக்கொள்கிறது. 2016-லேயே ஒலிம்பஸில் இது இருந்தது. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு வினாடிக்கு 120 படம் எடுக்கும். மீன்கொத்தி நீரில் பாய்வதை எடுப்பவருக்கு இது வேண்டியதுதான், அவரிடம் போய் ‘கணத்துக்காகக் காத்திரு’ என்று உபதேசம் செய்யக் கூடாது. ஆனால் ஒரே ஒரு வினாடி விரலை எடுக்காமல் இருந்தாலே நூற்றுக்கு மேல் படம். எந்தக் கணம் என்ற முடிவு மைதானத்திலிருந்து ராத்திரி கணினி முன்னாலான நாற்காலிக்கு இடம் மாறுகிறது. அந்த நாற்காலி வேலை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். பிடிக்காதவர்கள் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொள்கிறார்கள்.

மதுரைப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் போன தையில் கண்ணாடியில்லாத கேமராவுக்கு மாறினார். வாங்குவதற்கு முன் இரண்டு முகூர்த்தங்களுக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். “கண்ணை எடுக்காம ஐஎஸ்ஓ மாத்த முடியுதான்னு பார்த்தேண்ணே. மத்ததெல்லாம் அப்புறம்” என்றார். முதல் மண்டபத்திலேயே, எந்திரம் அசையாமல் சென்சாரே படத்தைப் படித்துக்கொள்ளும் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டு எடுத்திருக்கிறார். மேடையின் எல்இடி விளக்குகளால் படங்களில் குறுக்கே கோடு கோடாக விழுந்தது. விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது. சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. படிக்கும்போதே விளக்கு மங்கிப் பிரகாசித்தால் கோடு விழும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் சாதாரண விளக்குக்கு நூறில் ஒரு வினாடி வைத்தால் பெரும்பாலும் தப்பலாம், மேடை விளக்குகள் ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. அவர் எந்திர ஷட்டருக்குத் திரும்பினார்.

கோட்டைவிட அவரைப் படுத்தியது குரூப் போட்டோ. சொந்தக்காரர்கள் இருபது பேர் மேடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர் நாலு படம் எடுத்து முடித்துவிட்டார். சத்தமே கேட்காததால் யாரும் அசையவில்லை. “எடுத்தாச்சா தம்பி?” என்று பெண்ணின் பெரியப்பா கேட்கிறார். “ஆச்சுங்கய்யா” என்றதும் “ஒண்ணும் கேக்கலையே, இன்னொண்ணு எடுத்துக்கப்பா” என்கிறார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதே பாட்டு. கிளிக் என்ற சத்தம் படம் எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையிலான ஒப்பந்தம். இனிமேல் கண்ணிமைக்கலாம், நெளியலாம், அடுத்தவர் மேடையேறலாம்.

சொந்தமாக வாங்கிய கேமராவில் எந்திர ஷட்டரின் சத்தமும் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் அளவுக்கு இல்லை என்பது அவர் குறை. சத்தமில்லாத ஷட்டருக்கு மெனுவில் செயற்கைக் கிளிக் ஒன்று இருக்கிறது. அதை உச்ச அளவில் வைத்து, எல்இடி இல்லாத மண்டபங்களில் குரூப் போட்டோவுக்கு அதையே போடுகிறாராம். தாலி கட்டும்போதும் அணைப்பதில்லை; கெட்டிமேளத்தில் அது அவர் காதுக்கே கேட்காது.